கரி மிதக்குதா?

எங்க ஊர்ப் பொம்பளைக கண்ணீருல கரி கரைஞ்ச கதைய அசலூர்ல சொன்னா, சொல்றவ மூஞ்சிய ஒரு தினுசாப் பாப்பாக. பாத்துட்டுப் போகட்டும். வடிவு டீச்சரோட மக பூரணிக்கு மருந்து அப்படித்தான் ஆச்சு, நாங்க அழுதோம், கரி கரைஞ்சது, சீசாவுல அடைச்சு பஸ் ஏத்தி மதுரைக்கு அனுப்பினோம். இதுல பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது?

நான் செல்லக்கனி. நல்லம்மாள்புரத்துல, பொம்பளப்பிள்ளைக படிக்கிற காலேஜுக்கு எதுத்தாப்புல டீக்கடை வச்சிருக்கேன். எங்க ஊரு தீப்பெட்டி ஊரு, கரிசக்காடு, மண்ணும் கருப்பு, தீக்குச்சிய மருந்துல முக்குற பொம்பளைக விரலும் கருப்பு, அதனால காலேஜுல ஒரு டீச்சர் ராப்பகலா உக்காந்து கரி செய்றாகன்னு கேள்விப்பட்டப்போ, "ஏன், ஊர்ல இருக்கிற கரி பத்தலையாமா?"ன்னு சிரிச்சோம்.

அந்த டீச்சர் முழுப்பேரு சண்முகவடிவு, கெமிஸ்ட்ரி. காலையிலயும் சாயங்காலமும் நான்தான் அவுக லேபுக்கு டீ கொண்டுபோவேன். ஒரு இரும்புப் பானை வச்சிருந்தாக, அதுக்குள்ள கிராஃபைட் கம்பி ரெண்டை மூக்குக்கு மூக்கு நிக்கிற மாதிரி வச்சு, உள்ள இருக்கிற காத்தை மோட்டாரு போட்டு உறிஞ்சிட்டு, பலூனுக்கு அடைக்கிற ஹீலியம் வாயுவ கொஞ்சமா விட்டு, கரண்டைப் பாய்ச்சுவாக. வெல்டிங் பட்டறையில வர்ற மாதிரி ஒரு வெளிச்சம் வரும். ஆறினப்புறம் திறந்தா உள்சுவரெல்லாம் ஒட்டடையாட்டம் கரி அப்பிக் கிடக்கும். அதைப் பிரஷ்ஷால சுரண்டி எடுத்து, பெயிண்ட் கலக்குற திரவம் மாதிரி நெடி அடிக்கிற டொலுயீன்ல போட்டா நாவப்பழச் சாறா மாறும், அந்த ஊதாவ வத்த வச்சா சுத்தமான கருப்புப் பொடி மிஞ்சும். அதுக்குப் பேரு ஃபுல்லரீன். நாங்க பந்துக்கரின்னு சொன்னோம்.

ஏன் பந்துன்னா, அந்தப் பொடியோட ஒவ்வொரு மூலக்கூறும் பந்து மாதிரியாம். பிள்ளைக உதைக்கிற பந்துல தோல் ஒட்டு இருக்கு பாருங்க, அஞ்சு மூலையும் ஆறு மூலையுமா, அதே ஒட்டுதானாம், உள்ள காலியாம். இதை மசகெண்ணெயில போடலாம்கிறாக, வெயில்ல கரண்டு எடுக்குற தகட்டுல பூசலாம்கிறாக, இன்னும் என்னென்னவோ செய்யலாம்னு ஒலகம் பூரா ஆராய்ச்சி நடக்குதுன்னு டீச்சர் சொல்வாக, சொல்றப்போ மூஞ்சி பூவா மலரும். அதெல்லாம் பூரணிக்கு சீக்கு வர்றதுக்கு முந்தி.

பூரணிக்குப் பத்து வயசு. வாயாடின்னா வாயாடி, அப்படியொரு வாயாடி. பள்ளிக்கூடம் விட்டு நேரா எங்கடைக்கு வந்து, "அத்தை, சுண்டல்ல இன்னைக்கும் தேங்காய் பத்தல"ன்னு குத்தம் சொல்லிக்கிட்டே ரெண்டு பொட்டலம் தின்னும். அந்தப் பிள்ளைக்கு ரத்தத்துல புத்துநோய் வந்துருச்சு. அப்பா நெல்லையப்பன் வேலைய விட்டுட்டு மதுரை ஆஸ்பத்திரியில பிள்ளை கட்டிலுக்குக் கீழயே பாய விரிச்சுப் படுத்துக்கிட்டாரு. டீச்சர் இங்க லேபுல.

"பெத்தவ பக்கத்துல இல்லாம கரி சுரண்டிக்கிட்டு இருக்காளே"ன்னு ஊர் பேசத்தான் செஞ்சது. நானே ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன்.

"குடுக்குற மருந்து பாதி வழியிலயே வீணாப் போகுது செல்லக்கனி, கெட்ட அணு இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர மாட்டேங்குது"ன்னாக டீச்சர். "இந்தப் பந்து இருக்கே, இது சின்ன சந்து பொந்தெல்லாம் நுழையும். மருந்தை இது தோள்ல தொங்கவிட்டு அனுப்பினா கொண்டுபோய்ச் சேத்துரும். ஆனா தண்ணியில கரைய மாட்டேங்குது, சனியன். ரத்தம்ங்கிறது பெரும்பாலும் தண்ணிதானே? டொலுயீன்ல கரைச்சு பிள்ளைக்கு ஏத்த முடியுமா? அது விஷம்."

அவுக காட்டினாக. கண்ணாடித் தட்டுல தண்ணி, அதுல ஒரு சிட்டிகை கரி. முட்டாயிக்குப் பிடிவாதம் பிடிக்கிற பிள்ளையாட்டம் மேலயே மிதந்துச்சு. என்னென்னமோ சேத்துப் பாத்தாக, சூடு காட்டினாக, குலுக்கினாக. மிதந்துக்கிட்டேதான் இருந்துச்சு.

எம் புருஷன் தவசி லாரியில அடிபட்டுச் செத்து அன்னைக்கோட ஒரு வருஷம். காலையில திவசம் குடுத்துட்டு, மத்தியானம் கடை திறந்து, டீ கொண்டுபோனேன். பானை அப்பத்தான் ஆறியிருந்துச்சு, லேபு முழுக்கக் கருகல் வாசம். அந்த வாசம் என்னை நேரா சுடுகாட்டுக்குக் கொண்டுபோயிருச்சு. "பாவி மனுஷா, என்னைத் தனியா டீ ஆத்த விட்டுட்டுப் போயிட்டியே"ன்னு வந்துச்சு பாருங்க ஒரு அழுகை, டம்ளரை எங்க வைக்கிறோம்னுகூடத் தெரியல, குனிஞ்ச இடத்துல கரித்தட்டு இருந்திருக்கு, சொட்டுச் சொட்டா அதுல விழுந்துருச்சு. கரி மிதக்கல. நாவப்பழ நிறத்துல கரைஞ்சு போச்சு.

"ஐயையோ, கெடுத்துட்டேனா டீச்சர்?"ன்னேன்.

டீச்சர் தட்டைத் தூக்கி வெளிச்சத்துல பாத்தாக, மோந்து பாத்தாக, அப்புறம் என் கையப் பிடிச்சுக்கிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாக. "யார நெனச்சு அழுதீங்க?"

அடுத்து அவுகளே அழுதாக. அழுகைக்கா பஞ்சம், பிள்ளை படுத்ததுல இருந்து தெனம் அழுறவுகதானே. தட்டு நிறைய அழுதும் கரி அப்படியே மிதந்துச்சு. வாட்ச்மேனக் கூப்பிட்டு வெங்காயம் உரிக்கச் சொன்னாக, மிதந்துச்சு. ஆயா வேலை பாக்குற மாரிக்கனி, ஓடிப்போன மகனை நெனச்சு அழுதா, மிதந்துச்சு. அதே மாரிக்கனி செத்துப்போன தங்கச்சிய நெனச்சு அழுதா, கரைஞ்சது. டீச்சருக்கு விளங்கிருச்சு. இருக்கிறவுகளுக்காக அழுற கண்ணீர் கரைக்காது, போனவுகளுக்காக அழுறதுதான் கரைக்கும், அதுவும் மனசார அழுதாத்தான்.

மொதச் சீசா மதுரைக்குப் போச்சு. அங்க இருந்த பெரிய டாக்டர் தாடையச் சொறிஞ்சாராம், இனி இழக்கிறதுக்கு என்ன இருக்குன்னு, குடுக்குற மருந்தை அதுல கலந்து ஏத்திட்டாராம். மறுவாரம் நெல்லையப்பன் போன் பண்ணி, "பிள்ளை எந்திரிச்சு உக்காந்துட்டா, செல்லக்கனி அத்தை கடைச் சுண்டல் வேணுமாம், தேங்காய் நெறையப் போடணுமாம்"ன்னு சொன்னதும் டீச்சர் என்னைக் கட்டிக்கிட்டாக. அன்னைக்கு ஊருக்கே சும்மா சுண்டல் குடுத்தேன்.

பிறகென்ன, ஊரே திரண்டுருச்சு. தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளைக வேலைக்குப் போற வழியில லேபுக்கு வந்து, ஆளுக்கொரு கண்ணாடித் தட்டை மடியில வச்சுக்கிட்டு உக்காந்து, ஒருத்தி ஒப்பாரிய எடுத்துக் குடுக்க மத்தவளுக பிடிச்சுக்கிட்டு அழுதுட்டு, மூக்கைச் சிந்திட்டு, டீ குடிச்சுட்டு, குச்சி அடுக்கப் போனாளுக. செவ்வாய் வெள்ளியில வீட்டுல அழக்கூடாதும்பாக, காலேஜுக்கு அந்தக் கணக்கு கிடையாதுன்னு கோயில் தர்மகர்த்தாவே சொல்லிட்டாரு. பிரின்சிபாலம்மா டைம்டேபிளை மாத்தி, ரெண்டாவது பீரியடுல லேபை எங்களுக்கு ஒதுக்கிக் குடுத்தாக. பக்கத்து வகுப்புல பாடம் நடக்கும், இங்க ஒப்பாரி நடக்கும், காலேஜுப் பிள்ளைக நோட்ஸ் எழுதிக்கிட்டே கண்ணத் தொடச்சுக்கும்.

கரி யாரு மூஞ்சியவும் பாக்காது, அதுதான் வம்பாப் போச்சு. அந்தத் தர்மகர்த்தா சங்கரபாண்டியன் இருக்காரே, தாயார் செத்தப்போ பூப்பல்லக்கு, வேட்டு, கொட்டுன்னு ஊரே மூக்குல விரல் வைக்கிற மாதிரி எடுத்தவரு. அவரும் வந்தாரு, சட்டையக் கழட்டி வச்சுட்டு, "அம்மா"ன்னு ஒரு பாட்டம் அழுதாரு. கரி மிதந்துச்சு. பக்கத்துல அவர் சம்சாரம் சொர்ணத்தாய், மாமியாரோட ஒரே வீட்டுல பேச்சு வார்த்தை இல்லாம, தனி அடுப்பு வச்சுப் பொங்கித் தின்னவ, தட்டைக் குனிஞ்சு பாத்து ரெண்டே சொட்டு விட்டா. தட்டே ஊதா. புருஷனும் பொண்டாட்டியும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம கார்ல ஏறிப் போனாக. அதுக்கப்புறம் அவரு தெனம் வந்து ஒரு மூலையில உக்காந்து அழுது பாத்தாரு. நாங்களும் கேலி பண்றத விட்டுட்டோம், பாவமா இருந்துச்சு.

டீச்சர் மட்டும் யாரும் வர்றதுக்கு முந்தி, விடிஞ்சும் விடியாம லேபைத் திறந்து, ஒரு தட்டுல சிட்டிகை கரியப் போட்டு, தன் கண்ணீரை விட்டுப் பாப்பாக. மிதக்கும். மிதக்கிறதப் பாத்ததும் ஒரு சிரிப்பு வரும் பாருங்க, கண்ணுல தண்ணி நிக்கும், வாயி சிரிக்கும். "மிதக்குது செல்லக்கனி, எம்பிள்ளை இருக்கா"ம்பாக. மதுரைக்குப் போன் போட்டுக் கேக்குறதெல்லாம் அதுக்குப் பிறகுதான். நான் அதைப் பால்காரர்ட்ட சொல்வேன், அவரு தெருத்தெருவாச் சொல்லிட்டுப் போவாரு. ஊரே "கரி மிதக்குதா?"ன்னு கேட்டுட்டுத்தான் அடுப்புல பால் வைக்கும். "மிதக்குது, மிதக்குது"ன்னு பதில் வந்தா அன்னைக்கு எல்லாருக்கும் நல்ல நாளுதான்.

எல்லாத்துக்கும் ஒரு அளவு இருக்கில்ல? தெனம் தெனம் அழுதா துக்கம் எவ்வளவுதான் தாங்கும்? மழைக்காலம் முடியிறப்போ கண்ணீர் வெளிற ஆரம்பிச்சிருச்சு. ஊதா ரோஸாச்சு, ரோஸு தண்ணியாச்சு. பொம்பளைக பூ வச்சுக்கிட்டு வந்தாளுக, அழ உக்காந்த இடத்துல ஊர்க்கதை பேசிச் சிரிச்சாளுக. ஒருநாள் நானும் தவசிய நெனச்சு அழுதேன், லாரிய நெனச்சேன், அந்த மனுஷன் கடைசியாக் குடிச்ச டீய நெனச்சேன், தண்ணி வந்துச்சு, கரி மிதந்துச்சு. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். டம்ளரைத் தூக்கி எறிஞ்சேன். எம்புருஷனுக்கு அழக்கூட என்கிட்ட ஒன்னும் இல்லையா? டீச்சர் வந்து என் பக்கத்துல உக்காந்து, "மன்னிச்சிருங்கக்கா, எல்லாத்தையும் எம்பிள்ளைக்கே வாங்கிட்டேன்"ன்னாக. அவுக மேல எனக்குக் கோவம் இல்ல. யாரு மேலன்னு தெரியாத கோவம் அது.

சீசா நின்னதும் பூரணி மறுபடியும் படுத்துட்டா.

அப்பத்தான் எங்க புத்தி கெட்ட வழியில போச்சு. சொல்லவே நாக்கு கூசுது. யாரு வீட்டுல யாரு இழுத்துக்கிட்டுக் கெடக்கான்னு விசாரிக்க ஆரம்பிச்சோம். சாவு மேளம் கேட்டா, "ஐயோ பாவம்"ன்னு சொல்றதுக்கு முந்தி "அழுறதுக்கு ஆளு நெறைய இருக்கா?"ன்னு கேட்டோம். வடக்குத் தெருவுல அருணாசலம் சித்தப்பான்னு ஒரு கெழவரு, பல்லு ஒன்னு பாக்கி இல்ல, அவரு மக்கமாரைக் கூட்டி வச்சு, "எனக்கென்ன, நான் இன்னைக்கோ நாளைக்கோ. நான் போனா நீங்க மூணு பேரும் நல்லா அழுவீங்கள்ல? அதை அந்தப் பிள்ளைக்குக் குடுத்துருங்க"ன்னாரு. "பேச்சைப் பாரு பேச்சை, வாயக் கழுவுங்க"ன்னு மூத்தவ சத்தம் போட்டா. சொன்னபடியே அந்த மாசக் கடைசியில தூக்கத்துலயே போயிட்டாரு. பொணத்துக்குப் பக்கத்துல கண்ணாடித் தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். வெக்கமாத்தான் இருந்துச்சு. அந்தப் பிள்ளைக அப்பன் காலைக் கட்டிக்கிட்டு அழுத அழுகையில நாலு சீசா நெறைஞ்சது. பூரணி மறுபடியும் எந்திரிச்சு உக்காந்தா. போன்ல என்கிட்ட பேசினா.

"அத்தை, நான் வர்றதுக்குள்ள கடைய மூடிறாதீங்க."

"உன்ன விட்டா வேற யாருடி எனக்குக் குத்தம் சொல்றதுக்கு? வந்து சேரு"ன்னேன்.

அந்த நாலு சீசாவும் தீந்துச்சு. டீச்சர் கண்ணுக்கடியில கரி அப்பின மாதிரி ஆயிருச்சு. "மதுரைக்குப் போங்க டீச்சர், பிள்ளை பக்கத்துல இருங்க"ன்னு சொர்ணத்தாய் காலைப் பிடிக்காத குறையாச் சொன்னா. "போனா இங்க யாரு கரைக்கிறது? பக்கத்துல உக்காந்து தலையக் கோதினா ரத்தம் மாறிருமா? இன்னும் ஒரு சீசா, ஒரே ஒரு சீசா அனுப்பிட்டுப் போறேன்"ன்னாக. அந்த ஒரு சீசாவச் சொல்லிச் சொல்லியே நாள ஓட்டினாக. கெட்டிக்காரத்தனம்தான் அவுகளைக் கட்டிப்போட்டுச்சுன்னு எனக்குத் தோணும். படிக்காதவளா இருந்திருந்தா பிள்ளை கட்டிலை விட்டு எந்திரிச்சிருக்க மாட்டாக.

தைமாசம், நல்ல பனி. மாரிக்கனியோட அண்ணன் அருப்புக்கோட்டையில செத்து, காரியமெல்லாம் முடிச்சுட்டு அவ முந்தின நாள்தான் ஊருக்கு வந்திருந்தா. "அழாம அப்படியே அடக்கி வச்சிருக்கேன்க்கா, எல்லாம் நம்ம பிள்ளைக்குத்தான்"ன்னு அவ சொன்னப்போ எங்களுக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. விடிஞ்சதும் நானு, சொர்ணத்தாய், மாரிக்கனி, தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளைக, எல்லாரும் தட்டும் கையுமாப் போனோம். இன்னைக்கு ரெண்டு சீசா தேறும், மூணு தேறும்னு பேசிக்கிட்டு, தை வெள்ளிக்குப் பொங்கல் வைக்கிறதப் பத்திப் பேசிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டேதான் போனோம்.

லேபுக் கதவு திறந்திருந்துச்சு. டீச்சர் மேசைக்கு முன்னால உக்காந்திருந்தாக. நாங்க வாசப்படியில நின்னோம். எத்தனை மாசமா அந்தப் படியில போய் நிக்கிறோம், நின்ன ஒடனே "வாங்கக்கா, வாங்க, உக்காருங்க"ன்னு அவுக குரல்தான் முன்னால வரும், காய்ச்சல்ல கிடந்த அன்னைக்குக்கூட அந்த வார்த்தை தப்பினதில்ல. அன்னைக்கு அவுக எங்களைப் பாத்தாக. ஒவ்வொருத்தியாப் பாத்தாக. வாங்கன்னு சொல்லல.

எழவு வீட்டுல யாரும் யாரையும் வாங்கன்னு கூப்பிடுறதில்ல. வந்தவளும் போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போறதில்ல. எங்க பக்கத்துல பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும் அது. மேசையில இருந்த தட்டை நாங்க எட்டிப் பாக்கவே இல்ல. பாக்காமலே மாரிக்கனி, "எம்மா"ன்னு சுவத்தோட சாஞ்சுட்டா. அப்புறம்தான் என் கண்ணுல பட்டுச்சு. இத்தனை மாசத்துல யாரு கண்ணீருலயும், அருணாசலம் சித்தப்பாவோட மூணு பிள்ளைக கண்ணீருலயும்கூட, அப்படியொரு ஊதாவ நான் பாத்ததில்ல. மேல ஒரு துணுக்கு கரிகூட நிக்கல.

அதுக்கு அப்புறம்தான் போன் அடிச்சது. டீச்சர் எடுத்தாக.

"ம்... தெரியும்."

அந்தப் பக்கம் நெல்லையப்பன் கதறுறது எங்களுக்கே கேட்டுச்சு.

"தெரியும்ங்க. அழாதீங்க. பிள்ளைய பத்திரமாக் கூட்டிட்டு வாங்க. பனியா இருக்கு, போத்திக் கூட்டிட்டு வாங்க."

போனை வச்சாக. சொர்ணத்தாய்தான் மொதல்ல கொண்டைய அவுத்துவிட்டுக்கிட்டு உள்ள போனா. போயி அவுகளைக் கட்டிப்பிடிச்சு, "என் தாயி, என் தாயி"ன்னு கத்தினா, அப்பத்தான் டீச்சருக்குச் சத்தம் வந்துச்சு. பெத்த வயித்துல இருந்து வந்த அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்றது. நாங்க எல்லாரும் ஓடி, வட்டமாத் தோளைக் கோத்து, தலையோட தலைய முட்டிக்கிட்டு அழுதோம். வெளிறிப்போன என் கண்ணுல இருந்து ஆத்துத் தண்ணியாட்டம் கொட்டுச்சு. தட்டெல்லாம் வாசப்படியிலயே கெடந்துச்சு. அத்தனை மாசமா ஒரு சொட்டுச் சிந்த விடாமப் பிடிச்சவளுக நாங்க. அன்னைக்கு ஒருத்தியும் தட்டை எடுக்கல. எல்லாம் தரையிலதான் விழுந்துச்சு.